பாலி விமான நிலையக் கஞ்சா வழக்கு: ஆதாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. பாலிக்கு டூர் போகிறவர்கள் கூடியதிலிருந்து ஒரே பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. "ஒரு ஆஸ்திரேலியப் பொண்ணோட பையில யாரோ கஞ்சா வச்சு மாட்டி விட்டாங்களாமே, நமக்கும் அப்படி ஆனா?" என்று தொடங்கும். பத்து நிமிடத்தில் கைரேகை, கேமரா, நீதிபதி என்று போய்விடும். பாதி செய்தி உண்மை, பாதி வாய்வழி வந்தது. கேட்டவர்களின் வாக்கிலேயே கேள்விகளை வைத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் பதிலாக எழுதியிருக்கிறேன்.

இது எந்த கேஸ்? முதல்ல கதையைச் சொல்லுங்க.

ஷபெல் கோர்பி, ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் பகுதியைச் சேர்ந்தவர், அப்போது வயது 27. 2004 அக்டோபர் 8 அன்று தம்பியோடும் இரண்டு தோழிகளோடும் பிரிஸ்பேனில் ஏறி, சிட்னியில் விமானம் மாறி, பாலியின் நுரா ராய் விமான நிலையத்தில் இறங்கினார். அலைமேல் படுத்துச் சறுக்கும் பலகை ஒன்றை அதற்கான பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்தப் பைக்குள் பலகையோடு சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் மூட்டை இருந்தது. தலையணை மாதிரி, ஒரு கவருக்குள் இன்னொரு கவர். உள்ளே 4.2 கிலோ கஞ்சா.

பாலியின் தலைநகரான டென்பசாரின் மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை 2005 ஜனவரியில் தொடங்கியது. மே 27 அன்று 20 ஆண்டு சிறை, 10 கோடி ரூபியா அபராதம் என்று தீர்ப்பு வந்தது. அரசுத் தரப்பு கேட்டது ஆயுள் தண்டனை. சட்டத்தில் இடமிருந்தது மரண தண்டனை வரைக்கும். தீர்ப்பை ஆஸ்திரேலியாவில் நேரலையில் பார்த்தார்கள். தான் குற்றமற்றவர் என்பதிலிருந்து அவர் ஒருநாளும் மாறவில்லை.

பை அவங்களோடதுதானா? அதுலயே சந்தேகம்னு ஒருத்தர் சொன்னார்.

அதில் சந்தேகமே இல்லை. பையும் பலகையும் தன்னுடையவை என்று அவரே ஒப்புக்கொண்டார். மூட்டை அதற்குள் இருந்ததையும் அவர் மறுக்கவில்லை. திறந்ததுமே வாடை அடித்தது என்றுகூடச் சொன்னார். மூட்டை யாருடையது, அது உள்ளே இருப்பது அவருக்குத் தெரியுமா என்பது மட்டும்தான் தகராறு.

இதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒவ்வொரு ஆதாரத்தையும் "இது இருந்திருந்தால் அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது விளங்கியிருக்குமா?" என்று கேட்டுத்தான் நிறுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அப்படிக் கேட்பதில்லை. "அதை ஏன் செய்யல, இதை ஏன் செய்யல" என்று எண்ணிக்கொண்டே போகிறார்கள்.

பையைத் திறந்தப்ப என்ன நடந்துச்சு?

வழக்கின் அச்சாணியே இதுதான். சுங்க அதிகாரி குஸ்தி வினாதா நீதிமன்றத்தில் சொன்னது இது: பையைத் திறக்கச் சொன்னேன், அவர் முன்பக்கச் சின்ன ஜிப்பை மட்டும் திறந்து காட்டினார், பெரிய அறையைத் திறக்கப் போனபோது தடுத்தார், "ஏன்" என்றதற்கு உள்ளே ஏதோ இருக்கிறது என்கிற மாதிரி பேசினார். கோர்பி சொன்னது இதற்கு நேர் எதிர்: நான் தடுக்கவில்லை, கேட்டதும் நானே திறந்தேன், மூட்டையைப் பார்த்து அதிர்ந்து போனேன்.

அதிகாரிக்கு ஆங்கிலம் அரைகுறை, அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று கோர்பியின் வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். அந்தச் சில நொடிகளின் ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ நீதிமன்றத்துக்கு வரவில்லை. நீதிபதிகள் அதிகாரியை நம்பினார்கள். அவரை நம்பினால் "தெரியும்" என்பதற்கு ஒரு சாட்சியம் கிடைத்துவிடுகிறது. நம்பாவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு பையும் அதன் சொந்தக்காரரும்தான்.

கைரேகை எடுத்திருந்தா உண்மை வெளியே வந்திருக்குமே?

பாதி சரி. மூட்டையை அதிகாரிகள் கையுறை போடாமலே எடுத்துக் கையாண்டார்கள். வெளிக் கவர் அப்போதே கெட்டுப் போனது. உள் கவரையாவது சோதியுங்கள் என்று கோர்பி தரப்பு கேட்டது, அதுவும் நடக்கவில்லை. சரி, செய்திருந்தால்? உள் கவரில் அவருடைய ரேகை இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முன்பின் தெரியாத ஒருவரின் ரேகை இருந்து, அவர் ஒரு விமான நிலைய ஊழியர் என்று தெரிந்திருந்தால் மறுபக்கமாக முடிந்திருக்கும். ரேகையே இல்லை என்றால்? ஒன்றும் இல்லை. கடத்துகிறவரும் கையுறை போடுவார், மாட்டி விடுகிறவரும் போடுவார்.

ஆனால் ஒன்று. குற்றமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர் அந்தச் சோதனையைக் கேட்கிறார், செய்யும் வசதி இருந்தும் செய்யவில்லை. இந்த வழக்கின் மேல் விழுந்த கறைகளில் இது போகவே போகாத கறை என்பது என் எண்ணம்.

எடை போட்டுத்தானே ஏத்துறாங்க? 4 கிலோ கூடுதலா இருந்தா தெரிஞ்சிருக்குமே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கடையில் அதிக நேரம் செலவழிக்கிறேன், ஏனென்றால் இது என் தொழில். நான்கு பேர் ஒன்றாகப் போய் நின்றால் கவுன்டரில் இருப்பவர் பைகளை வரிசையாக ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுவார். உங்கள் போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டிக் கொடுக்கும் துண்டுச் சீட்டைப் பாருங்கள், மூன்று பை 62 கிலோ என்றால் 3/62 என்று இருக்கும். எந்தப் பை எத்தனை கிலோ என்று அந்தச் சீட்டிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. பிரிஸ்பேனில் நடந்ததும் இதுதான். கோர்பி குழுவின் பைகளுக்கு மொத்த எடைதான் பதிவாகியிருந்தது.

மொத்தத்தை வைத்தாவது பார்க்கலாமே என்றால், அதற்குப் பாலியில் எல்லாப் பைகளையும் திரும்ப நிறுத்திருக்க வேண்டும். பிரிஸ்பேன் மொத்தத்தைவிட பாலி மொத்தம் 4 கிலோ கூட இருந்தால், மூட்டை வழியில் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால், புறப்படும்போதே உள்ளே இருந்தது. கைரேகை மாதிரி இழுபறி இல்லை, எப்படி வந்தாலும் ஒரு பக்கத்தைச் சாய்த்திருக்கும். ஒரு தராசு, ஐந்து நிமிடம். பாலியில் யாரும் நிறுக்கவில்லை. அன்று மாலை பைகள் பிரிக்கப்பட்டு, துணிகள் எடுக்கப்பட்ட பிறகு அந்த வாய்ப்பு போயே போய்விட்டது.

கேமரா இருந்திருக்குமே, அதை எடுத்துப் பார்த்தா போதாதா?

பிரிஸ்பேன், சிட்னி, பாலி என்று மூன்று விமான நிலையங்கள். கோர்பி தரப்பு காட்சிகளைக் கேட்டது. பையை யாராவது தொட்டதைக் காட்டும் காட்சியும் சரி, யாரும் தொடாததைக் காட்டும் காட்சியும் சரி, நீதிமன்றத்துக்கு எதுவும் வந்து சேரவில்லை. "மறைச்சுட்டாங்க" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கேமராப் பதிவுகளை விமான நிலையங்கள் காலம் முழுக்க வைத்திருப்பதில்லை, பழையதன் மேல் புதியது பதிவாகிவிடும். முதல் சில நாட்களில் கேட்டு வாங்காவிட்டால் கிடையாது.

அந்தக் கஞ்சா எந்த ஊர்ல விளைஞ்சதுன்னு சோதிக்க முடியாதா?

முடியும். செடி வளர்ந்த இடத்துத் தண்ணீரும் தட்பவெப்பமும் அதன் அணுக்களில் அடையாளம் விட்டிருக்கும், மரபணுவையும் ஒப்பிடலாம். விளக்கொளியில் வீட்டுக்குள் வளர்த்த செடி என்றால் கொஞ்சம் குழப்பும். ஆஸ்திரேலியாவுக்கு மாதிரி அனுப்பிச் சோதிக்கும் பேச்சு எழுந்தது, நடக்கவில்லை. அது யாரால் நின்றது என்பதில் ஆளுக்கொரு விளக்கம் உண்டு.

ஆனால் அந்தச் சோதனை எதைச் சொல்லியிருக்கும்? இந்தோனேசியச் செடி என்று வந்திருந்தால் இறக்குமதி என்கிற குற்றச்சாட்டே ஆட்டம் கண்டிருக்கும், மூட்டை பாலியில் நுழைக்கப்பட்டது என்று ஆகிவிடும். ஆஸ்திரேலியச் செடி என்று வந்திருந்தால்? அவர் கொண்டுவந்தார் என்பதற்கும் பொருந்தும், பிரிஸ்பேனில் வேறு யாரோ வைத்தார்கள் என்பதற்கும் பொருந்தும். "கஞ்சா ஆஸ்திரேலியாவோடதுன்னு தெரிஞ்சா அவங்க மாட்டிருப்பாங்க" என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஆஸ்திரேலியாவுல விலை அதிகம், பாலியில மலிவு. போய் மலிவான ஊர்ல யார் விப்பாங்க?

கோர்பி பக்கம் நின்றவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது இதுதான், கேட்க நியாயமாகவும் இருக்கிறது. கொல்லத்துக்குத் தேங்காய் கடத்துவது மாதிரி. எதிர்ப்பக்கம் சொன்ன விளக்கம்: பாலியில் உள்ளூர்ச் சரக்கு மலிவுதான், ஆனால் அங்கே தங்கியிருக்கும் வெளிநாட்டவர்கள் தரமான ஆஸ்திரேலியச் சரக்குக்கு நல்ல விலை கொடுப்பார்கள்.

இரண்டுமே ஊகம். வாங்க இருந்தவர் யார் என்று அரசுத் தரப்பு காட்டவில்லை. காட்ட வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. எல்லை தாண்டிக் கொண்டுவந்தார் என்பது மட்டுமே குற்றச்சாட்டு, நோக்கத்தை நிரூபிக்கச் சட்டம் கேட்கவில்லை. ஒரு குற்றவியல் பேராசிரியர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, கடத்தல்காரரின் குணாதிசயம் இவருக்குப் பொருந்தவில்லை என்று சாட்சி சொன்னார். அதுவும் எடுபடவில்லை.

பை ஏத்தி இறக்குற ஆளுங்க வச்சிருப்பாங்கன்னு சொல்றாங்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். கோர்பி தரப்பின் கதை இப்படி: பிரிஸ்பேனிலிருந்து சிட்னிக்குக் கஞ்சா அனுப்பும் ஒரு கும்பல், பூட்டு இல்லாத பை ஒன்றைப் பார்த்து மூட்டையைச் செருகியது. சிட்னியில் இருக்கும் கூட்டாளி அதை எடுத்திருக்க வேண்டும். எடுக்கத் தவறினான், பை பாலிக்குப் போய்விட்டது. கோர்பியின் பைக்குப் பூட்டு இல்லை என்பது உண்மை.

சிட்னி விமான நிலையத்தில் அப்போது நிலைமை சுத்தமாக இல்லை என்பதும் உண்மை. கோர்பி பயணம் செய்த அதே அக்டோபர் 8 அன்று, தென் அமெரிக்காவிலிருந்து வந்த சுமார் 10 கிலோ கொக்கெய்ன், பை ஏற்றி இறக்கும் ஊழியர்களின் உதவியோடு சிட்னி வழியாக வெளியே போனது என்று 2005 மே மாதம் கைதுகள் நடந்தன. அந்தக் கைதுகளுக்கு முந்தைய மாதம், ஒரு பயணி தன் பெட்டியில் வைத்திருந்த ஒட்டக வேடத்தின் தலையை ஒரு ஊழியர் மாட்டிக்கொண்டு ஓடுதளத்துப் பக்கம் வண்டி ஓட்டியதை அந்தப் பயணியே பார்த்தார். சிரிப்புத்தான், ஆனால் பையைத் திறக்கிறார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? விமான நிலையப் பாதுகாப்பை ஆராய அந்த வருடமே பிரிட்டனிலிருந்து சர் ஜான் வீலர் என்ற நிபுணரை ஆஸ்திரேலிய அரசு வரவழைத்தது.

ஆனாலும் இதில் ஓட்டைகள் இருக்கின்றன. கொக்கெய்ன் வழக்கில் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கை சுங்கச் சோதனைக்கு முன்பே எடுத்துவிட ஊழியர்கள் தேவைப்பட்டார்கள். பிரிஸ்பேனிலிருந்து சிட்னிக்கு? உள்நாடு. நெடுஞ்சாலையில் ஒரு காரில் போட்டுக்கொண்டு போனால் நடுவில் எந்தச் சுங்கச் சாவடியும் இல்லை. 4 கிலோ கஞ்சாவுக்கு இரண்டு விமான நிலையத்தில் ஆள் பிடித்து, முன்பின் தெரியாத ஒருவரின் பையை நம்ப வேண்டிய அவசியம் என்ன? அப்பாவிப் பயணிகளின் பையை ஊழியர்கள் இப்படிப் பயன்படுத்துவதற்குத் தங்களிடம் உளவுத் தகவல் இல்லை என்று அப்போதைய ஆஸ்திரேலியக் கூட்டரசுக் காவல்துறைத் தலைவர் மிக் கீல்ட்டி வெளிப்படையாகவே சொன்னார். "ஊழியர்களில் திருடர்கள் உண்டு" என்பது நிரூபணமானது. "அந்தத் திருடர்கள் இந்தப் பையைத் தொட்டார்கள்" என்பதற்கு ஒரு துரும்பும் கிடைக்கவில்லை.

அந்தக் கதையை வக்கீலே கட்டினதா ஒத்துக்கிட்டாராமே?

ஆமாம். கோர்பியின் ஆஸ்திரேலிய வழக்கறிஞர்களில் ஒருவர் 2008-ல் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றில், பை ஊழியர் கதை தன் கற்பனை என்று சொன்னார். கட்சிக்காரரின் ரகசியத்தையும் குடும்பத்தையும் பற்றி வெளியே பேசியதற்காக அடுத்த வருடம் குயின்ஸ்லாந்தில் அவருடைய வழக்கறிஞர் உரிமம் பறிபோனது.

இதைக் கேட்டதும் "அப்ப அவங்கதான் கடத்தினாங்க" என்று முடித்துவிடுகிறார்கள். அப்படி முடிக்க முடியாது. தன் பையில் மூட்டை எப்படி வந்தது என்று தெரியாத ஒருவருக்கும் வக்கீல் ஏதோ ஒரு விளக்கத்தை ஊகித்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். கதை பொய்யானால் கதை மட்டும்தான் பொய்.

ஜெயில்ல இருந்து ஒரு கைதியைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வச்சாங்களே, அதை ஏன் ஏத்துக்கல?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் சிறையில் இருந்த விசாரணைக் கைதி அவர். சிறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டதைக் கேட்டேன், அந்த மூட்டை வேறொருவருடையது, தவறிப் போய் பாலிக்குச் சென்றது என்றார். சொந்தக்காரர் யார் என்று கேட்டபோது பெயர் சொல்ல மறுத்துவிட்டார். உயிருக்கு ஆபத்து என்றார்.

இந்தோனேசியாவில் அப்போது நடைமுறையில் இருந்த 1981-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, சாட்சி என்பவர் தானே பார்த்ததை, தானே கேட்டதை, தானே அனுபவித்ததைச் சொல்ல வேண்டும். "அவர் இவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது" என்பது செவிவழிச் செய்தி. நம் ஊர் நீதிமன்றத்திலும் இதற்கு இதே கதிதான். பெயரும் இல்லாத செவிவழிச் செய்தியை எந்த ஊர் நீதிபதியும் தூக்கிப் பிடிக்க மாட்டார்.

இந்தோனேசியாவுல நாம நிரபராதின்னு நாமதான் நிரூபிக்கணுமாமே?

இது பரவலான தவறு. மேலே சொன்ன அதே சட்டத்தின் 66-வது பிரிவு, நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மேல் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. 183-வது பிரிவின்படி சட்டம் ஏற்கும் ஆதாரங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டியிருந்தது, அதற்கு மேல் நீதிபதிக்கு மனம் ஒப்பவும் வேண்டியிருந்தது. ஒற்றைச் சாட்சியை மட்டும் வைத்துத் தண்டிக்க அந்தச் சட்டம் விடவில்லை.

ஆனால் ஏட்டுக்கும் நடப்புக்கும் இடைவெளி உண்டு. சாட்சி, நிபுணர் கருத்து, ஆவணம், சூழ்நிலைக் குறிப்பு, குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலம் என்று ஐந்து வகை ஆதாரத்தைத்தான் அந்தச் சட்டம் பட்டியலிட்டது. அதிகாரியின் சாட்சியம் ஒன்று, அது கஞ்சாதான் என்ற ஆய்வக அறிக்கை இரண்டு. கணக்கு சரியாகிவிட்டது. நடுவர் குழு கிடையாது, மூன்று நீதிபதிகள் மட்டும். கைரேகை இல்லை, எடை இல்லை என்பதெல்லாம் அந்தக் கணக்கைக் குறைக்காது, நீதிபதியின் மனம் ஒப்புகிறதா என்ற இடத்தில்தான் வேலை செய்யும். அங்கே அவை வேலை செய்யவில்லை.

அந்த நீதிபதி 500 போதை கேஸ்ல ஒருத்தரைக்கூட விடுதலை பண்ணலையாமே?

தலைமை நீதிபதி லிண்டன் சிரைத் பற்றி அப்போது பரவலாக வந்த செய்தி அது. கேட்கும்போது திக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் கையும் களவுமாகப் பிடிபட்ட வழக்குகளில் உலகம் முழுக்கத் தண்டனை விகிதம் அதிகமாகத்தான் இருக்கும். அந்த எண்ணை வைத்து இந்த ஒரு தீர்ப்பு தப்பு என்று காட்ட முடியாது. எனக்கு உறுத்துவது வேறு: சந்தேகத்தின் பலனைக் கொடுத்துப் பழக்கமே இல்லாத ஒருவர் முன்னால், முழுக்க முழுக்கச் சந்தேகத்தை நம்பியிருக்கும் வாதத்தை வைக்க வேண்டியிருந்தது.

20 வருஷம், அப்புறம் 15, அப்புறம் திரும்ப 20. என்ன கணக்கு இது?

இரு தரப்புமே மேல்முறையீடு செய்தன. 2005 அக்டோபரில் பாலி உயர் நீதிமன்றம் 15 ஆண்டாகக் குறைத்தது. 2006 ஜனவரியில் ஜகார்த்தா உச்ச நீதிமன்றம் பழையபடி 20 ஆக்கியது. 2008 மார்ச்சில் மறுஆய்வு மனுவும் தள்ளுபடி. மேல்முறையீட்டுக்குப் போனால் தண்டனை குறையுமே தவிர ஏறாது என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆதாரத்தையே எரிச்சுட்டாங்களாமே, அது எதையோ மறைக்கத்தானே?

உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2006 மார்ச்சில் கஞ்சாவையும் அது வந்த பையையும் எரித்தார்கள். வழக்கு முடிந்ததும் பிடிபட்ட போதைப்பொருளை அழிப்பது எல்லா நாட்டிலும் வழக்கம். வைத்திருந்தால் அது மறுபடி வெளியே போய்விடும் என்ற பயம் நியாயமானது.

ஆனால் மறுஆய்வு மனு 2008-ல்தான் முடிந்தது என்று முந்தைய பதிலில் பார்த்தோம். அப்போது சோதிக்க ஒன்றும் மிச்சமில்லை. நான்கு கிலோவையும் வைத்திருக்க வேண்டாம், ஒரு சிட்டிகையும் அந்த உள் கவரும் போதுமாக இருந்திருக்கும். மறைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அக்கறை இல்லை என்று சொல்வேன்.

கருணை மனு போட்டாங்கன்னா குத்தத்தை ஒத்துக்கிட்டதா அர்த்தமா?

அப்படி ஒரு எண்ணம் இந்தோனேசியாவிலும் இருக்கிறது. ஆனால் 2010-ல் அவர் மனு போட்டது மனநிலை பாதிப்பைக் காரணம் காட்டி. 2012 மே மாதம் அதிபர் யுதோயோனோ 5 ஆண்டு குறைத்தார். ஆண்டுதோறும் கிடைக்கும் தண்டனைக் குறைப்பும் சேர்ந்து, 2014 பிப்ரவரி 10 அன்று கெரோபோகான் சிறையிலிருந்து பரோலில் வந்தார். பாலியை விட்டுப் போகக்கூடாது என்ற நிபந்தனையில் மூன்று வருடம் இருந்து, 2017 மே 27 அன்று நாடு கடத்தப்பட்டார். தீர்ப்பு வந்து சரியாகப் பன்னிரண்டு வருடம் கழித்து, அதே தேதியில்.

நம்ம மயூரன் சுகுமாரன் கேஸும் இதுவும் ஒண்ணா?

இல்லை. ஆனால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கோர்பி விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 2005 ஏப்ரல் 17 அன்று, அதே விமான நிலையத்தில் நான்கு ஆஸ்திரேலியர்கள் உடம்பில் ஹெராயின் கட்டிக்கொண்டு பிடிபட்டார்கள். மொத்தம் 8 கிலோவுக்கு மேல். அவர்களோடு பிடிபட்ட மற்றவர்களையும் சேர்த்து ஒன்பது பேர். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மயூரன் சுகுமாரனும் ஆண்ட்ரூ சானும் தலைமை தாங்கியவர்கள் என்று தீர்ப்பாகி, 2015 ஏப்ரல் 29 அன்று நுசகம்பாங்கான் என்ற சிறைத் தீவில் மரண தண்டனையாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஆதாரத்தைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு துருவம். தொடையில் கட்டியிருப்பதை "யாரோ வச்சுட்டாங்க" என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியக் காவல்துறையே முன்கூட்டித் தகவல் கொடுத்திருந்தது. அங்கே விவாதம் தண்டனையைப் பற்றியது, அவர்கள் செய்தார்களா என்பதைப் பற்றியது அல்ல.

கத்தார்ல மாட்டின மும்பை ஜோடி மட்டும் எப்படி வெளிய வந்தாங்க?

2019 ஜூலையில் தோஹா விமான நிலையத்தில் ஒரு மும்பைத் தம்பதியின் பையில் 4.1 கிலோ ஹஷீஷ், அதாவது கஞ்சாப் பிசின், கிடைத்தது. ஏறக்குறைய கோர்பி மூட்டையின் எடை. தேனிலவுப் பயணம் என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்த அத்தை, புகையிலைப் பொட்டலம் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பியது அது. பத்து ஆண்டு சிறை விதித்தார்கள். அந்தப் பெண் கர்ப்பிணி, குழந்தை சிறையில்தான் பிறந்தது.

இங்கே என்ன வேறுபாடு என்றால், பெண்ணின் அப்பா மும்பையில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவிடம் புகார் கொடுத்தார். அவர்கள் விசாரித்தார்கள், தொலைபேசிப் பேச்சுப் பதிவு இருந்தது, அத்தை கைதானார். "வேறு யாரோ" என்பதற்கு ஒரு முகமும் பெயரும் கிடைத்தது. கத்தார் உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பி, 2021 மார்ச்சில் இருவரும் விடுதலையானார்கள். கோர்பிக்கு அந்தப் பெயர் கடைசி வரை கிடைக்கவில்லை. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதே கேள்வி என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

இதே 4 கிலோ கோயம்புத்தூர் ஏர்போர்ட்ல பிடிபட்டிருந்தா?

நம் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. 4.2 கிலோ நடுவில் வருகிறது, அதிகபட்சம் பத்து வருடக் கடுங்காவலும் ஒரு லட்சம் அபராதமும். ஆனால் நாம் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. நம் சட்டத்தின் 35-வது பிரிவு, குற்ற மனநிலை இருந்ததாகவே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இல்லை என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபிப்பது மாட்டியவரின் பாடு. ஏட்டளவில் பார்த்தால் இந்தோனேசியச் சட்டத்தைவிட இது கடுமை.

ஆனால் நம் உச்ச நீதிமன்றம் 2008-ல் நூர் ஆகா வழக்கில் ஒரு கடிவாளம் போட்டது. 1997-ல் அமிர்தசரஸ் விமான நிலையத்தில் திராட்சை அட்டைப்பெட்டியோடு வந்த ஆப்கானியர் அவர். பெட்டியின் அட்டைக்குள் 1.4 கிலோ ஹெராயின் மறைத்திருந்ததாக வழக்கு. அடிப்படை உண்மைகளை முதலில் அரசு நிரூபித்தால்தான் அந்த ஊகம் வேலை செய்யும் என்றது நீதிமன்றம். பிடிபட்ட பொருளை நீதிமன்றத்தில் காட்டவில்லை, முத்திரைகளில் குளறுபடி என்பதையெல்லாம் எண்ணி அவரை விடுதலை செய்தது.

சரி, நீங்க என்ன நினைக்கிறீங்க? அவங்க செஞ்சாங்களா?

எனக்குத் தெரியாது. மழுப்புகிறேன் என்று நினைக்காதீர்கள். அதிகாரி சொன்ன அந்தத் தடுத்த கதையை நான் முழுக்க ஒதுக்க முடியவில்லை. லேசான பலகை இருக்கும் பைக்குள் 4 கிலோ ஏறியது பெல்ட்டிலிருந்து எடுக்கும்போது ஒருவருக்கும் உறைக்கவில்லையா என்ற கேள்வியும் எனக்கு உண்டு. கைப்பிடி அறுந்திருந்ததாக அவர் சொன்னார், அதனால் கனம் தெரியாமல் போயிருக்கலாம். இன்னொரு பக்கம், இருபது வருடம் கொடுக்கும் முன் ஒரு தராசைக்கூட எடுத்து வைக்காத விசாரணையை நம்பு என்று என்னிடம் யாரும் சொல்ல முடியாது.

நாங்க அடுத்த மாசம் பாலி போறோம். என்ன பண்ணணும்?

பூட்டுப் போடுங்கள், அல்லது பிளாஸ்டிக் சுற்றுங்கள். அடுக்கி முடித்ததும் திறந்த பையை ஒரு போட்டோ, மூடிய பையை ஒரு போட்டோ. அடுத்த வீட்டு அக்கா கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள், பிரிக்க வேண்டாம் என்றால் வாங்கவே வேண்டாம். பெல்ட்டில் பை கிழிந்தோ ஜிப் திறந்தோ வந்தால் அங்கேயே ஊழியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், நீங்களாக உள்ளே கை விடாதீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் தூதரகத்துக்குச் சொல்லும்படி கேட்பது உங்கள் உரிமை, பாலியிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வரும்வரை புரியாத காகிதத்தில் கையெழுத்து வேண்டாம்.

போகும் ஊர் சட்டத்தையும் பாருங்கள். நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா துபாயிலும் சிங்கப்பூரிலும் தடை. அம்மா கட்டிக் கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தில் அது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு பையா எடை போட்டுத் தாங்கன்னு கேட்டா கவுன்டர்ல கடுப்பாக மாட்டாங்களா?

ஆவார்கள். பின்னால் வரிசை நிற்கும். அதனால் கேட்க வேண்டாம். ஒவ்வொரு பையாக நீங்களே தராசில் ஏற்றுங்கள், அந்தச் சிவப்பு எண் நிலைத்ததும் போனில் ஒரு கிளிக், அடுத்த பை. என் கடை வாடிக்கையாளர்களில் ஒரு பாட்டி மட்டும் இதைத் தவறாமல் செய்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். போன தடவை 14.6, 9.2, ஊறுகாய் டப்பா தனியாக 3.1.